அம்பத்தூர் ஷெட்டில் கோபால்ட் எடுக்கலாமா?

கேள்வி:

அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டி அத்திப்பட்டில் காயலான் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. லேத் பட்டறைச் சுருள், பித்தளைத் தூள், காப்பர் ஒயர், இன்வெர்ட்டர் பேட்டரி என்று ஓடிக்கொண்டிருந்த வியாபாரத்தில் சில வருடங்களாக லித்தியம் பேட்டரி சேர ஆரம்பித்திருக்கிறது. செல்போன் சர்வீஸ் கடைக்காரர்கள் மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். ஆவடி, பூந்தமல்லி மெக்கானிக்குகள் ஸ்கூட்டர் பேட்டரியை ஆட்டோவில் ஏற்றி அனுப்புகிறார்கள்.

என் அக்கா மகன் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்தவன். "மாமா, இதை அப்படியே கிலோ கணக்கில் வடக்கே விற்பதை விட்டுவிட்டு நாமே கோபால்ட், நிக்கல், லித்தியம் எல்லாம் பிரித்து விற்கலாம். காலேஜ் புராஜெக்டில் செய்து காட்டியிருக்கிறேன். ஆசிட், பெராக்சைடு, மண்ணெண்ணெய், சயனெக்ஸ் என்று ஒரு திரவம், இவ்வளவுதான். எஸ்டேட்டில் ஒரு ஷெட் எடுத்து நாலு பிளாஸ்டிக் டேங்க் போட்டால் போதும், அரசாங்கம் மானியம் வேறு தருகிறது" என்கிறான். சால்வென்ட் எக்ஸ்ட்ராக்‌ஷன் என்று பெயர் சொல்கிறான். உண்மையா? கடன் வாங்கி இறங்கலாமா?

இன்னும் இரண்டு சந்தேகம். சில பேட்டரிக்கு வாங்குபவர்கள் போட்டி போடுகிறார்கள். அதே அளவு, அதே எடையுள்ள வேறு சிலதைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்கிறார்கள். ஏன்? குடோனில் கிடக்கும் மூட்டைகளை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டால் ஆபத்தில்லை என்று ஒருவர் சொன்னார், சரியா?

– ஒரு வாசகர், அத்திப்பட்டு, சென்னை-58

பதில்:

உங்கள் அக்கா மகன் சொல்லும் வேதியியலில் பிழை இல்லை. கடன் மட்டும் வாங்காதீர்கள். இந்த இரண்டும் எப்படி ஒருசேர உண்மையாகும் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தம்பி கல்லூரி லேபில் எதைப் பார்த்திருப்பார் என்று ஊகிக்க முடிகிறது. கோபால்ட் கரைந்த தண்ணீர் ரோஜா நிறம். நிக்கல் கரைந்தது பச்சை. இரண்டும் கலந்தால் மங்கிய ஒரு பழுப்பு. அந்தப் பழுப்பு நீரைப் பிரிபுனலில் ஊற்றி, மண்ணெண்ணெயில் கலந்த சயனெக்ஸ் 272-ஐ மேலே விட்டு, காரம் சேர்த்து பி.எச். ஐந்து, ஐந்தரைக்குக் கொண்டுவந்து, நன்றாகக் குலுக்கி ஸ்டாண்டில் மாட்ட வேண்டும். சில நிமிடத்தில் எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே என்று பிரிந்துவிடும். எண்ணெய் ஆழ்ந்த நீலமாகியிருக்கும், கீழே பச்சைத் தண்ணீர். கோபால்ட் எண்ணெய்க்குள் போய்விட்டது, நிக்கல் தண்ணீரிலேயே தங்கிவிட்டது என்று பொருள். நீல எண்ணெயைத் தனியே எடுத்து நீர்த்த கந்தக அமிலத்தோடு குலுக்கினால் எண்ணெய் வெளுக்கும், அமிலம் ரோஜா நிறமாகும். கோபால்ட் சல்ஃபேட் தயார், எண்ணெய் அடுத்த சுற்றுக்குத் தயார். தனிம அட்டவணையில் 27, 28 என்று அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும், லேசில் பிரியாத இரண்டு உலோகங்கள் கண்ணெதிரே இப்படிப் பிரிவதைப் பார்த்தவருக்குத் தொழில் ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

சயனெக்ஸ் 272 என்பது ஒரு பாஸ்ஃபினிக் அமிலம். தன் ஹைட்ரஜனைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். கோபால்ட் அதனோடு சேரும்போது தன்னைச் சுற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகளை உதறிவிட்டு நான்முகி வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அந்த நீலம் அதன் அடையாளம். நிக்கலுக்குத் தன் தண்ணீரை விட மனம் வருவதில்லை, அதனால் எண்ணெய்க்குள் போகத் தயங்குகிறது. இந்த மொத்த விளையாட்டையும் நடத்துவது பி.எச்.தான். சென்ட்ரலிலிருந்து ஆவடி வரும் லோக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்தான் வண்டி, பி.எச். எண்கள் ஸ்டேஷன்கள். இரும்பு முதல் ஸ்டேஷனிலேயே ஏறிவிடும், பிறகு துத்தநாகம், மாங்கனீசு, கோபால்ட், கடைசியில் நிக்கல். லித்தியம் பிளாட்பாரத்திலேயே நின்றுவிடும். கோபால்ட், நிக்கல் மாதிரி இரட்டை மின்னேற்றம் உள்ள உலோகத்துக்குப் பி.எச். ஒரே ஒரு எண் உயர்ந்தால், எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையிலான பங்கீடு கொள்கையளவில் நூறு மடங்கு எண்ணெய்ப் பக்கம் சாய்ந்துவிடும். நுட்பத்தின் அழகும் அதுதான், நடத்துபவருக்குத் தலைவலியும் அதுதான். காஸ்டிக் சோடா விடும் பம்ப் கால் மணி நேரம் அதிகமாக விட்டுவிட்டால் நிக்கலும் சேர்ந்து ஏறிவிடும்.

இது ஒன்றும் புதிய சரக்கு இல்லை. அணு உலைகளில் எரிந்த எரிபொருளிலிருந்து யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரிப்பது இதே முறையில்தான். டிராம்பேயில் 1960-களின் நடுவிலிருந்து நடக்கிறது, நம் கல்பாக்கத்திலும் நடக்கிறது. அங்கே எண்ணெயில் கலப்பது டிரைபியூட்டைல் பாஸ்ஃபேட். கேரளத்தில் ஆலுவாவில் அருமண் உலோகங்களைப் பிரிப்பதும் இப்படியே. செம்புச் சுரங்கத்துக்கு இதை வணிக அளவில் கொண்டுவந்தது 1968-ல், அமெரிக்காவின் அரிசோனாவில். இந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. நுழையும் கரைசலில் என்ன இருக்கிறது என்று நடத்துபவருக்குத் தெரியும். இன்றும் நாளையும் ஒரே சரக்கு.

உங்கள் மூட்டைக்கு அந்தக் குணம் கிடையாது.

செல்போன் பேட்டரிகளில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் கோபால்ட் ஆக்சைடு. அந்தப் பொடியில் எடைக்கு 60 சதவீதம் கோபால்ட். ஸ்கூட்டர் பேட்டரிகளில் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் மூன்றும் கலந்த என்.எம்.சி. வரும், அதிலும் கம்பெனிக்குக் கம்பெனி, வருடத்துக்கு வருடம் விகிதம் மாறும். அப்புறம் எல்.எஃப்.பி. எனப்படும் இரும்பு பாஸ்ஃபேட் வகை. இவற்றை உடைத்துச் சலித்தால் கிடைக்கும் கருப்புப் பொடிக்குத் தொழிலில் பிளாக் மாஸ் என்று பேர். நேர்மின்வாய்ப் பொடியும் எதிர்மின்வாயின் கிராஃபைட்டும் அதில் கலந்திருக்கும். கூடவே கிழிந்த அலுமினியத் தகடு, செம்புத் தகடு, உறையின் இரும்பு, பொடியை ஒட்டவைத்த ஃபுளோரின் பசை, எலக்ட்ரோலைட்டின் மிச்சம்.

இதைச் சூடான கந்தக அமிலத்தில் கரைக்க வேண்டும். பெராக்சைடு எதற்கு என்று தம்பிக்குத் தெரிந்திருக்கும்: மூன்று மின்னேற்றத்தில் இறுகியிருக்கும் கோபால்ட்டை இரண்டுக்கு இறக்கினால்தான் கரையும். கரையாமல் நிற்கும் கிராஃபைட்டை வடிகட்டி, பி.எச்.சை ஏற்றி இரும்பையும் அலுமினியத்தையும் சேறாக வீழ்த்தி, செம்பைத் தனியே எடுத்து, டி2இஎச்பிஏ என்ற இன்னொரு திரவத்தால் மாங்கனீசை இழுத்து, அதன் பிறகுதான் தம்பியின் சயனெக்ஸ் வேலைக்கு வரும். கோபால்ட் ஏறிய எண்ணெயையும் நேரே அமிலத்துக்கு அனுப்ப முடியாது. கூட ஒட்டிக்கொண்டு வந்த கொஞ்சநஞ்ச நிக்கலை, கோபால்ட் சல்ஃபேட் கரைசலாலேயே கழுவித் தள்ள வேண்டும். ஒவ்வொன்றும் ஒரே குலுக்கல் இல்லை. கலக்கும் தொட்டி, தெளியும் தொட்டி என்று ஜோடி ஜோடியாக வரிசையில் நிற்கும். எண்ணெய் ஒரு பக்கமிருந்தும் தண்ணீர் எதிர்ப்பக்கமிருந்தும் இரவு பகலாக ஓடும். ஓடத் தொடங்கிப் பல நாள் கழித்துத்தான் வரிசை நிலைக்கு வரும். இரண்டு நாள் ஓட்டுவோம், மூட்டை தீர்ந்ததும் நிறுத்துவோம் என்பது இதில் நடக்காது. அதற்குள் மூட்டையின் சேர்க்கை மாறினால் எல்லாப் பி.எச். எண்களையும் மறுபடி தேட வேண்டும்.

தொட்டியில் கிரட் என்று ஒன்று சேரும். பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு பத்தி இருந்தால் பெரிய விஷயம். தொழிற்சாலையில் பாதி நாள் அதோடுதான் போகும். வடிகட்டித் தப்பிய கிராஃபைட் தூளும் மண் துகளும் எண்ணெயும் தண்ணீரும் கலந்து, இரண்டுக்கும் நடுவே பிசுபிசுவென்று ஒரு ஆடை. அது தடித்தால் எண்ணெயும் தண்ணீரும் பிரிய மறுக்கும், எண்ணெய் தண்ணீரோடு வெளியே ஓடும். கிலோ விலையில் அதிலுள்ள சயனெக்ஸ் உங்கள் பித்தளையை விட உயர்ந்த சரக்கு. கல்லூரிப் பிரிபுனலில் கிரட் வந்திருக்காது. தம்பிக்குக் கொடுத்திருப்பது பெரும்பாலும் சுத்தமான கோபால்ட் சல்ஃபேட்டும் நிக்கல் சல்ஃபேட்டும் கரைத்த தண்ணீராகத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் கூட ஒரு சாமர்த்தியசாலி சமாளித்துவிடலாம். உப்பைச் சமாளிக்க முடியாது. என் பதிலின் மையம் இதுதான்.

எண்ணெய் ஒரு கோபால்ட்டை ஏற்றிக்கொள்ளும்போது இரண்டு ஹைட்ரஜனை இறக்கிவிடுகிறது. அது அமிலம். அதை அடக்காவிட்டால் பி.எச். இறங்கிவிடும், ஏறிய கோபால்ட்டும் இறங்கிவிடும். எனவே காஸ்டிக் சோடா. பள்ளிக்கூடக் கணக்காகவே போடுங்கள்: ஒரு கிலோ கோபால்ட்டுக்கு ஏறக்குறைய 1.36 கிலோ காஸ்டிக் சோடா, அதனால் தண்ணீரில் மிஞ்சும் சோடியம் சல்ஃபேட் 2.4 கிலோ. நிக்கலுக்கும் அதே கணக்கு. லித்தியத்துக்கு இன்னும் கொடுமை. கடைசியில் தண்ணீரில் தனியாக நிற்கும் லித்தியத்தைச் சோடா உப்பு போட்டுக் கார்பனேட்டாக வீழ்த்தினால், ஒரு கிலோ லித்தியத்துக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் சோடியம் சல்ஃபேட். முதலில் கரைக்கும்போது கூடுதலாக ஊற்றிய அமிலத்தை அடக்கிய கணக்கு இதில் சேரவில்லை. ஆக, நீங்கள் நடத்தப்போவது எடைக்கணக்கில் ஒரு சோடியம் சல்ஃபேட் தொழிற்சாலை. கோபால்ட் அதன் உபபொருள்.

லித்தியத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். லித்தியம் கார்பனேட் ஒரு தலைகீழ்ப் பிறவி. சூடாக்கினால் குறைவாகக் கரையும். அறை வெப்பத்தில் லிட்டருக்கு 13 கிராம் அளவு கரைவது, கொதிநிலையில் 7 கிராம் அளவுக்கு இறங்கும். அதனால்தான் 90 டிகிரிக்கு மேல் வைத்து வீழ்த்துகிறார்கள். நீர்த்த கரைசலாக இருந்தால் அப்போதும் பெரும்பகுதி தண்ணீரிலேயே தங்கிவிடும். முதலில் தண்ணீரை ஆவியாக்கிச் சுண்டவைக்க வேண்டும். நாலு பிளாஸ்டிக் டேங்கில் தம்பியின் லித்தியம் கழிவுநீரோடு போய்விடும்.

அந்தக் கழிவுநீர் எங்கே போகும்? அம்பத்தூர் எஸ்டேட் 1964-ல் தொடங்கிய காலத்தில் அந்தக் கேள்வியை யாரும் அழுத்திக் கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது கேட்கிறார்கள். உங்கள் கடையைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அவற்றுக்கு வடக்கே நகரமே குடிக்கும் புழல். மறுபக்கம் ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம். கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது பற்றிய வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. நீர்நிலையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடும் மாசு தரும் ஆலை வரக்கூடாது என்று தமிழக அரசு ஆணை போட்டது 1989-லேயே. பேட்டரியிலிருந்து உலோகம் எடுப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியக் கணக்கில் சிவப்புப் பிரிவு.

சோடியம் சல்ஃபேட் விஷம் இல்லையே என்று தம்பி கேட்கலாம். விஷம் இல்லைதான். திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் பயன்படுத்துவதும் அதே உப்பைத்தான், அங்கே அதற்குக் கிளாபர் உப்பு என்று பேர். நொய்யல் ஆறு என்ன ஆயிற்று என்று ஊருக்கே தெரியும். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத ஏற்பாடு செய்யாத பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. பிழைத்தவர்கள் சவ்வூடு வடிகட்டியும் ஆவியாக்கும் கொதிகலனும் போட்டுப் பிழைத்தார்கள். அந்த இயந்திரங்களின் விலைக்கு முன்னால் தம்பியின் சயனெக்ஸ் டேங்க் எல்லாம் சில்லறை. இந்தத் தொழிலில் முதலீட்டுக் கணக்கைக் கடைசித் தொட்டியிலிருந்து முதல் தொட்டியை நோக்கிப் போட வேண்டும்.

தீயைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண மண்ணெண்ணெய் 40 டிகிரியை ஒட்டியே பற்றக்கூடிய ஆவி விடும். கத்திரி வெயிலில் தகரக் கூரை ஷெட்டுக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்குக் கோபால்ட் பிரிப்பைச் சூடாக வைத்துச் செய்தால் நன்றாக வரும். ஆலைகளில் எளிதில் பற்றாத தனி எண்ணெய் வாங்குகிறார்கள். அப்படியிருந்தும் ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டேம் சுரங்கத்தில் இந்தப் பிரிப்பு ஆலை 1999-லும் 2001-லும் தீப்பிடித்து எரிந்தது. பக்கத்திலேயே பழைய லித்தியம் பேட்டரி மூட்டைகளும் இருக்கும் உங்கள் ஷெட்டுக்கு எந்தக் காப்பீட்டுக்காரர் கையெழுத்துப் போடுவார்?

சரக்குக்கு வாங்குபவர் உண்டா? பக்கத்திலேயே உண்டு, அதுதான் ஆசையை இன்னும் கிளப்பும். எஸ்டேட்டின் முலாம் பூசும் பட்டறைகள் நிக்கல் சல்ஃபேட்டைத் தொடர்ந்து வாங்குகின்றன. ஆனால் முலாம் தொட்டிக்காரர் சும்மா வாங்க மாட்டார். லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் செம்பு தொட்டியில் ஏறினாலே பொருளின் பள்ளமான இடங்களில் முலாம் கறுத்துவிடும். அவருடைய ஒரு தொட்டி கெட்டால் உங்கள் ஒரு மாத லாபம் போயிற்று. பேட்டரிக் கம்பெனிகள் கேட்கும் சுத்தம் இதைவிடவும் பல படி மேலே.

விலையும் ஒரு நிலையில் நிற்பதில்லை. லித்தியம் கார்பனேட் 2022 கடைசியில் சீனச் சந்தையில் டன் ஆறு லட்சம் யுவானைத் தொட்டது, 2025 நடுவில் 60,000 யுவான் அளவுக்கு விழுந்துகிடந்தது. பத்தில் ஒரு பங்கு. கோபால்ட்டின் கதையைக் காங்கோ தீர்மானிக்கிறது. உலகக் கோபால்ட்டில் 70 சதவீதத்துக்கு மேல் அங்கிருந்து வருகிறது. சரிந்துகிடந்த விலையைத் தூக்கிவிட 2025 பிப்ரவரியில் அந்த நாடு ஏற்றுமதியையே நிறுத்தியது. வட்டிக்கு வாங்கிய பணத்தோடு இந்த ஊஞ்சலில் ஏற வேண்டாம்.

மானியம் உண்மை. முக்கியக் கனிமங்களை மறுசுழற்சி செய்வதற்கு 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2025 செப்டம்பரில் ஒப்புதல் தந்தது. மூன்றில் ஒரு பங்கு சிறிய, புதிய நிறுவனங்களுக்கு என்றும் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் கருப்புப் பொடியோடு நிறுத்துபவருக்கு அதில் இடமில்லை, உலோகம் வரை பிரித்தாக வேண்டும். அதாவது உப்பு, ஆவியாக்கி, ஆய்வுக்கூடம் எல்லாம் முடித்தவருக்கு. முதலைக் கொண்டுவர வேண்டியது நீங்கள்தான். ரூர்க்கியின் அட்டெரோ, கிரேட்டர் நொய்டாவின் லோஹும் போன்ற கம்பெனிகள் அந்த அளவில் இறங்கியிருக்கின்றன. ஒரு செல்போன் பேட்டரி சுமார் 50 கிராம் என்றால் ஒரு டன்னுக்கு 20,000 போன் வேண்டும். தினமும் ஒரு டன் ஓடும் சிறு ஆலைக்குத் தினமும் அத்தனை. திருவள்ளூர் மாவட்டத்துக் காயலான் கடைகள் அத்தனையும் ஒன்றுசேர்ந்தாலும் திணறும்.

இந்த இடத்தில்தான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது, உங்கள் லாபமும் அதில்தான் இருக்கிறது.

அதே அளவு, அதே எடை, ஆனால் வேண்டாம் என்கிறார்கள் என்றால் அது பெரும்பாலும் எல்.எஃப்.பி. அதில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. இருப்பது இரும்பும் பாஸ்ஃபேட்டும், பொடியின் எடைக்கு 4.4 சதவீதம் லித்தியமும். லித்தியம் விலை விழுந்த காலத்தில் எடுக்கும் செலவு கூடக் கட்டாது. சால்வென்ட் எக்ஸ்ட்ராக்‌ஷனும் இதற்குத் தேவையில்லை; லித்தியத்தை மட்டும் கரைத்தெடுத்துவிட்டு இரும்பு பாஸ்ஃபேட்டை அப்படியே விட்டுவிடும் வேறு வழிகள் இருக்கின்றன. வரும் வருடங்களில் உங்களிடம் அதிகம் வரப்போவதும் இதுதான். சூரிய மின்சார இன்வெர்ட்டரும் மின்பேருந்தும் பெரும்பாலும் இந்த வகை பேட்டரியில்தான் ஓடுகின்றன. மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2025 ஜூன் 30-ல் வியாசர்பாடியிலிருந்து 120 மின்பேருந்துகளை விட்டது. பூந்தமல்லிப் பணிமனையும் அதே திட்டத்தில் இருக்கிறது.

வகையைக் கண்டுபிடிக்க லேப் வேண்டாம், லேபிளைப் படிக்கத் தெரிந்தால் போதும். ஒரு செல்லுக்கு 3.6 அல்லது 3.7 வோல்ட் என்று இருந்தால் கோபால்ட் அல்லது நிக்கல் வகை. 3.2 வோல்ட் என்றால் எல்.எஃப்.பி. 1.2 வோல்ட் என்றால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு அல்லது நிக்கல் காட்மியம். காட்மியத்தை எதனோடும் கலக்கவே கலக்காதீர்கள், அது விஷம். பேக்குகளில் மொத்த வோல்ட்தான் எழுதியிருக்கும், எத்தனை செல் தொடரில் இருக்கிறது என்று பார்த்து வகுத்துக்கொள்ளுங்கள். மீட்டரில் அளந்த எண்ணை நம்பாதீர்கள், செத்த செல் எந்த எண்ணையும் காட்டும்.

இப்படி வகை பிரித்து, போன் பேட்டரி தனி, 18650 மாதிரி உருளை செல் தனி, ஸ்கூட்டர் என்.எம்.சி. தனி, எல்.எஃப்.பி. தனி என்று கட்டி அனுப்பிப் பாருங்கள். இப்போது கலந்த மூட்டைக்கு வாங்குபவர் அதில் இருக்கக்கூடிய மிக மோசமான சரக்கை மனதில் வைத்து விலை சொல்கிறார். மேலே நான் அழுதுகொண்டிருந்த பி.எச். தலைவலியில் பாதியை நீங்கள் இங்கேயே, காஸ்டிக் சோடா இல்லாமல், கையால் தீர்த்துவிடுகிறீர்கள். அந்த வேலைக்குக் கூலி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தம்பியின் படிப்பும் இதற்கு உதவும். மாதிரி எடுத்து அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, கோபால்ட் இத்தனை, நிக்கல் இத்தனை என்ற சீட்டோடு சரக்கை அனுப்புங்கள், பேரம் பேசும் தொனியே மாறும். செல்லை உடைத்துக் கருப்புப் பொடியாக்கும் வேலைக்கு மட்டும் போகாதீர்கள். காற்றுப் புகாத இயந்திரம் இல்லாமல் அது நெருப்போடு விளையாட்டு.

சட்டம் பற்றி. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் லித்தியத்துக்கும் பொருந்தும். அதற்கு முந்தைய 2001 விதிகள் ஈய பேட்டரியோடு நின்றுவிட்டன. விற்ற கம்பெனியே திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும், மறுசுழற்சி செய்பவர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். மின்வாகன பேட்டரியிலிருந்து மீட்க வேண்டிய பொருளின் அளவு 2024-25-ல் 70 சதவீதம், 2026-27 முதல் 90 சதவீதம். இதனால் பதிவு பெற்ற ஆலைகளுக்குக் கணக்குக் காட்டக்கூடிய சரக்கு வேண்டியிருக்கிறது. ரசீதும் எடையும் வகையும் எழுதிக் கொடுக்கும் சேகரிப்பாளருக்கு அதனால் ஒரு மதிப்பு வந்திருக்கிறது. அம்பத்தூர் வாரிய அலுவலகத்தில் உங்கள் கிடங்குக்கு என்ன அனுமதி வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இரவோடு இரவாகப் பணம் கொடுத்து ஏற்றிச் செல்பவருக்கு விற்காதீர்கள், கூடுதல் விலை சொன்னாலும் சரி.

தம்பிக்கு இந்தப் பிரிப்பு வேலையில் உண்மையான ஆசை இருந்தால் தரமணி தூரமில்லை. சி.எஸ்.ஐ.ஆர். வளாகத்தில் தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் சென்னை மையமும், காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் (செக்ரி) பிரிவும் இருக்கின்றன. ஆராய்ச்சிப் பணியாளராக நுழையட்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஆலையில் இரவு ஷிஃப்டில் ஒரு வருடம் நின்றால் இன்னும் நல்லது. கிரட் பற்றி நான் எழுதியதற்கு அப்புறம் எனக்கே பாடம் எடுப்பார்.

கடைசிக் கேள்வி, உப்புத் தண்ணீர். வேண்டாம். உப்பு நீரில் முதலில் அரிப்பது செல்லின் முனைகள்தான். உறை ஓட்டையானதும் உள்ளேயிருக்கும் எலக்ட்ரோலைட் தண்ணீரோடு சேரும். அதிலுள்ள ஃபுளோரின் உப்பு தண்ணீர் பட்டால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை உண்டாக்கும். தோலில் பட்டதும் உடனே எரியாது, உள்ளே இறங்கி எலும்பு வரை போகும். ஸ்கூட்டர் பேக்கை முழுசாகப் போட்டால் ஹைட்ரஜனும் குளோரினும் கிளம்பும். ஒரு வாரம் கழித்து அந்த டிரம் தண்ணீரையும் எங்கேயோ கொட்டத்தான் வேண்டும், அதுவும் அபாயக் கழிவு.

நல்ல நிலையில் உள்ள பேக் என்றால் விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து, தகுந்த மின்தடையில் மாட்டி மெல்ல இறக்குங்கள். செல்களின் முனைகளில் டேப் ஒட்டுங்கள். கோணிப்பையை விட்டுவிட்டு, மூடி இறுகாத இரும்பு டிரம்களில், அடுக்குக்கு நடுவே உலர்ந்த மணல் போட்டு, வெயில் படாத இடத்தில், கூரைக்கும் பழைய பேப்பர் கட்டுக்கும் தள்ளி வையுங்கள். வீங்கியதைக் குத்திக் காற்று இறக்கச் சொல்லிப் பையன்களிடம் கொடுக்கவே கூடாது, உள்ளே இருப்பது எரியும் வாயு. அவற்றைத் தனி டிரம்மில், மணலோடு, என்ன சரக்கு என்று மேலே எழுதி ஒட்டி, லாரிக்காரரிடம் வாயாலும் சொல்லி ஏற்றுங்கள்.